தேசிக்குத் தண்ணீர் ஊற்றிய நானா

இத்தனை வருடம் கழிந்தும் அந்த நாலு நாளை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

குறிஞ்சிப்பிட்டித் தேசித் தோட்டம் வாப்பா வாங்கியது. யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபின் அந்த மணலில் அவர் நட்ட எலுமிச்சை மரங்களை, அவர் மௌத்தான பிறகு நான்தான் பார்த்தேன். காணி உறுதிப் பத்திரம் மட்டும் மூத்தவரான நானாவின் பெயரில். யுத்தம் முடிந்ததும் நானாவுக்கு மன்னார் ஆசை வந்துவிட்டது. தோட்டத்தை ஹோட்டல் கட்டுகிறவருக்கு விற்றுவிட்டு, அங்கே காடு பற்றிக் கிடக்கும் பழைய காணியைத் துப்புரவாக்கப் போவதாகச் சொன்னார். நான் சண்டை பிடித்தேன். கடைசியில், வருகிற நோன்புக்கு மரங்கள் நிறையக் காய்த்தால் விற்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

நோன்பு திறக்கும் சர்பத்தில் பிழியத் தேசிக்காய் தேடாத வீடு உண்டா? ஆனால் மரம் கலண்டர் பார்த்துக் காய்க்காது. ஐந்தாறு மாதத்துக்கு முன்பே அதைக் காயப்போட வேண்டும். இலை சுருண்டு தொங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்தால் பூவாய்ப் பூக்கும். இடையில் இரக்கப்பட்டு நனைத்தால் வெறும் தளிர்தான் வரும். இதை நானாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான், உம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகச் சிலாபம் போனேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால் ஒவ்வொரு மரத்தடியும் சதசதவென்று ஈரம்.

“மரமெல்லாம் வாடிக் கெடந்திச்சு. மனசு கேக்கல்ல, ஊத்திட்டன்” என்றார் நானா, ஏதோ நன்மை செய்தவர் போல.

“விக்கணும் எண்டுதானே ஊத்தினீங்க?” என்று கத்தினேன்.

“வல்லாஹி, அப்பிடி இல்ல.”

அவர் கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். நம்பியதால் கோபம் குறையவில்லை, கூடியது. வேண்டுமென்று செய்தவர் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இந்த இளகிய மனசுக்காரரை என்ன செய்வது?

தோட்டம் முழுக்கத் தளிர். நோன்புக்கு ஒரு கூடை காய்கூடத் தேறவில்லை. வாக்கு வாக்குத்தான் என்று நானா தோட்டத்தை விற்றார்.

பெக்கோ இயந்திரம் வந்து மரங்களை வேரோடு பிடுங்கிய காலையில் நான் வேலியோரம் நின்றிருந்தேன். மன்னாரிலிருந்து நானா போன் எடுத்தார்.

“நான் வரல்ல தங்கச்சி. எனக்கு அதப் பாக்க ஏலாது.”

“கையெழுத்து வெக்க மட்டும் ஏலுமா இருந்திச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.