உயிரோடுதான் இருக்கிறேன்

சிறுபாலத்தின் அடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஹேண்டிலில் ஓர் அட்டையை மாட்டுகிறார் எக்ஸ்ரே அக்கா. 'உயிரோடுதான் இருக்கிறேன். தூங்குகிறேன். கேட்காமல் தொடாதீர்கள்.' கொட்டை கொட்டையான எழுத்து. தண்ணீர் பாட்டிலுக்கு ஈரக் காலுறையைப் போட்டுக் காற்று படுகிற பக்கம் வைக்கிறார். இன்னொரு பாட்டில் ஏற்கெனவே காலி. கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். இனி வெயில் தாழ்ந்தால்தான் சக்கரம் உருளும்.

வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியின் இருட்டறையில், "ஆடாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தவர். லீவு கிடைத்ததும் வீட்டு வாசலிலிருந்து பாலைவனத்தைத் தாண்டிக் கடல்வரை சைக்கிள். ரோடு என்று பேர்தான். மணலும் ஜல்லியும் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அதில் ஒரு மணி நேரம் ஓட்டினால் உடம்பிலுள்ள எலும்பெல்லாம் தனித்தனியாக முறையிடும். ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டுகிற வசதி அக்காவுக்கு உண்டு.

ஒரே ஒரு பிடிவாதம். வாசலில் தொடங்கிய சக்கரத்தடம் கடல்வரை விட்டுப்போகக் கூடாது. "நடுவுல கொஞ்ச தூரம் வண்டியில ஏறினாலும், போனதே இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

அதில்தான் போன வருஷம் மண் விழுந்தது. இதே பாலத்தடியில் அயர்ந்து தூங்கியவரைப் பார்த்து, தண்ணீர் கேன் வேன்காரர் மயக்கம் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவரும் அவர் மச்சானும் முதலில் சைக்கிளை ஏற்றினார்கள், அடுத்து அக்காவைத் தூக்கினார்கள். "விடுங்கடா! நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தினார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு மச்சான், உளறுறாங்க" என்று முகத்தில் ஈரத்துண்டைப் போட்டு அமுக்கினார்கள். கத்தக் கத்த மயக்கம் உறுதியாயிற்று. என்ன அநியாயம் இது! ஒரு மனுஷி தான் நன்றாக இருப்பதாகச் சொன்னால், அதுவே நோய்க்கு அத்தாட்சியா?

பெட்ரோல் பங்கில் இறக்கியபோது கூட்டம் கைதட்டியது. வேன்காரர் அக்காவின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "போற பக்கம்தானே அக்கா கொண்டுவந்து விட்டோம்? இதுக்குப் போய் கோவப்படுறீங்களே!"

அக்கா சைக்கிளைத் திருப்பினார். எதிர்காற்று, உச்சி வெயில், வாயெல்லாம் மணல். பாலத்தடிக்கே போய், தன் சக்கரத்தடம் நின்றிருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதன் மேல் முன்சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பினார்.

அதை யார் போட்டோ எடுத்தார்கள்? ஊரெல்லாம் சுற்றியது வேன்காரரின் படம்தான். 'பெண்மணியின் உயிரைக் காப்பாற்றினோம்' என்று கீழே ஒரு வரி வேறு. வீட்டுக்காரரே, "எப்படியோ பத்திரமா வந்துட்டே. பாதி வழி வேன்ல வந்தா என்ன?" என்று கேட்டார். அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள்கூட, "நீங்கதானே அந்த மயக்கம் போட்ட அம்மா?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு அக்காவுக்கு இன்னும் வயிறு எரிகிறது. அட்டை பிறந்த கதை இதுதான்.

இப்போது மேலே ஒரு வேன் நிற்கிறது. செருப்புச் சத்தம் சரிவில் இறங்குகிறது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. யாரோ அட்டையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். தெரிந்த குரல்தான்.

வேன்காரர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். "அக்கா... தண்ணி ஏதாச்சும் வேணுமா?"

"இதைப் போன வருஷம் கேட்டிருக்கணும்."

கண் மூடியபடியே காலி பாட்டிலை நீட்டுகிறார். மறு கை சைக்கிள் சக்கரத்தை இறுகப் பிடித்திருக்கிறது.