இரண்டாம் பாதிக்குள் பதினைந்து பேர்

டிம்ப்னா ஹெனகன் கழிவறைக்குப் போய்த் திரும்பிய நான்கு நிமிஷத்தில் குளூனகாரி ஊரின், கேலிக் என்னும் ஐரிஷ் கால்பந்து மன்றத்தின் செயலாளர் ஆகிவிட்டாள். அது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் "அடுத்து செயலாளர் பதவி" என்று வாயெடுத்ததும் எல்லோரும் தத்தம் காலணியைப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்து அறையில் யார் இல்லையோ அவர் பெயரை ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டல் கிளம்பிவிடும். அந்த டிசம்பரில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள் டிம்ப்னா. எல்லோரும் தட்டினார்கள். கிறிஸ்துமஸ் குலுக்கலில் தனக்கு வான்கோழி விழுந்திருக்கிறது என்று எண்ணி அவளும் சிரித்தாள். அதிர்ச்சி வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

முந்தைய செயலாளரான பள்ளிக்கூட வாத்தியார் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் விட்டுப்போன காகிதப் பெட்டியில் பாதியை எலி தின்றிருந்தது. மீதியின் நாற்றம் தாங்கவில்லை. அப்படியே நெருப்பில் போட்டுவிட்டுப் புது நோட்டில் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

அன்று முதல் வருஷத்துக்கு மாதங்கள் பன்னிரண்டு அல்ல, வேலைகள்தான் பன்னிரண்டு. ஜனவரியில் உறுப்பினர் பதிவு. பிப்ரவரியில் முழங்கால் சேற்றில் பயிற்சி. வசந்தத்தில் லீக் ஆட்டம். ஜூலையில் குழந்தைகள் முகாம். நாற்பது பிள்ளைகள் வருவார்கள், நாற்பத்தொரு பிள்ளைகள் திரும்பிப் போவார்கள், அந்த உபரிப் பிள்ளை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. இலையுதிர் காலத்தில் கோப்பை ஆட்டங்கள். நடுவே ஞாயிறுதோறும் சேற்றோடு வந்து விழும் முப்பது சட்டைகள். டிம்ப்னாவின் சலவை இயந்திரத்தில் சேர்ந்த மண்ணை அள்ளினால் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு போடலாம்.

ஜனவரிப் பதிவில் அவளுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. ஊர்த் தேவாலயப் பங்கில் மூச்சு விடுகிற ஆண்பிள்ளை யாராயிருந்தாலும் விளையாட்டு வீரனாகப் பதிந்துவிடுவாள். தபால்காரர், சவப்பெட்டிக் கடைக்காரர், பங்குத் தந்தை எல்லோரும் அவள் கணக்கில் பந்தடிப்பவர்களே. ஆட்டத்தன்று நடுவரிடம் கொடுக்கும் பெயர்த்தாளில் இருபத்துநான்கு பெயர் நிறைந்திருந்தால்தானே எதிரணிக்கு ஒரு பயம் வரும்? இருபத்துநான்காவது பெயர் எப்போதும் அவள் கணவன் மலக்கியுடையது.

அதுதான் பெருந்தப்பு. மலக்கி பக்கத்துப் பங்கான பாலினஸ்டாக்கில் பிறந்தவன். பிறந்த பங்கின் மன்றத்துக்குத்தான் ஒருவன் ஆட வேண்டும். மாறுவதென்றால் இரண்டு மன்றச் செயலாளர்களும் கையெழுத்திட்ட மாறுதல் தாள் வேண்டும். மனைவியை மாற்றிக்கொண்டால்கூட ஊர் மன்னித்துவிடும். மன்றத்தை மாற்றியவனின் பேரப்பிள்ளைகள்வரை சொல்லிக் காட்டுவார்கள். மலக்கி டிம்ப்னாவைக் கட்டிக்கொண்டு அவள் அப்பாவின் பண்ணைக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாகியும், மைதானத்தில் பாலினஸ்டாக் ஆட்கள் நிற்கும் பக்கம்தான் நிற்பான்.

"அசலூரான் வந்துட்டான், டீயை ஊத்து" என்பாள் டிம்ப்னா, தினமும் மாலை அவன் சமையலறைக்குள் நுழையும்போது. அவளே ஊற்றிக் கொடுத்தும் விடுவாள். அவன் சிரித்துக்கொண்டு குடிப்பான். வாயில்லாத மனுஷன்.

அவனைத் திருட்டுத்தனமாகப் பதிகிறோமே என்று முதல் இரண்டு வருஷம் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. கணினி கண்டுபிடித்துவிடும் என்று பயந்தாள். அது ஒருமுறைகூட முனகவில்லை. கணினியும் நம் ஊர்ப் பக்கம்தான் என்று விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தொடக்கமே சரியில்லை. மார்ச்சில் ஒரே வாரத்தில் மூன்று பையன்கள் சிட்னிக்கு விமானம் ஏறினார்கள். ஜூனில் கோல்கீப்பருக்குப் போர்ச்சுகலில் கல்யாணம். அணியில் ஒன்பது பேர் அங்கே போய்த் தோல் உரிய வெயில் காய்ந்தார்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஜூலையில் யாரோ தோட்டத்தில் சுட்டுக் கொடுத்த கோழி அரைவேக்காடு. பதினொரு பேர் கழிவறையை விட்டு வரவில்லை. இரண்டாவது ஆட்டமும் போயிற்று.

ஆகஸ்டில் மாவட்ட விளையாட்டு அமைப்பான கவுண்டி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. டிம்ப்னா அதை நின்றபடி படித்தாள், உட்கார்ந்து படித்தாள், மலக்கியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மூன்றாவது ஆட்டத்தையும் விட்டால் குளூனகாரி மன்றம் கலைக்கப்பட்டு, பாலினஸ்டாக்கோடு சேர்க்கப்படும். நூற்றிருபது வருஷ மன்றம், நீல மஞ்சள் சட்டை, வேலியோரம் அவள் அப்பா நட்ட கொடிக்கம்பம், எல்லாம் போய்விடும்.

மறுநாளே கடையில் எதிர்ப்பட்டார் ஃபெலிம். மலக்கியின் அண்ணன், பாலினஸ்டாக் மன்றத்தின் தலைவர்.

"என்னம்மா டிம்ப்னா, எங்க சிவப்புச் சட்டை உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

"என்னைப் பெட்டியில வெச்சு மூடுறப்பப் போட்டு விடுங்க. அதுவரைக்கும் ஆசைப்படாதீங்க."

"கடைசி ஆட்டமே எங்களோடதானே. ஆளைக் கொண்டுவா, பாப்போம்."

செப்டம்பர் மாத அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டிம்ப்னாவிடம் பதினாறு பேர் இருந்தார்கள். மூன்று வாரமாக மழை. அன்று பார்த்து வானம் துடைத்த கண்ணாடிபோல இருந்தது. வெயிலைக் கண்டதும் டிராக்டர்கள் புறப்பட்டுவிட்டன. மாட்டுத்தீவனப் புல்லை வெட்டி மூடிவைக்க வருஷத்தின் கடைசி வாய்ப்பு. இரண்டு மணிக்குள் மூன்று பேர் கைப்பேசியை அணைத்துவிட்டுப் புல்வெளியில் மறைந்துபோனார்கள்.

பயிற்சியாளர் எண்டா, அவனும் ஆடுகிறவன்தான், உடைமாற்றும் அறையில் தன்னையும் சேர்த்துத் தலைகளை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பதிமூணு."

"பதிமூணு பேரோட ஆரம்பிக்கலாம்னு சட்டமே இருக்கு" என்றாள் டிம்ப்னா. "ஆனா ரெண்டாம் பாதி தொடங்குறதுக்குள்ள பதினஞ்சு பேர் களத்துல நின்னாகணும். இல்லேன்னா ஆட்டம் போச்சு."

"நீதான் ஊரையே பதிஞ்சு வெச்சிருக்கியே, கூப்பிடு."

கூப்பிட்டாள். தபால்காரருக்கு இடுப்பு அறுவை. சவப்பெட்டிக் கடைக்காரருக்கு அன்று வேலை வந்துவிட்டது. ஒருவர் மாமியார் வீட்டில். இன்னொருவர் "ஹலோ" என்று குரல் மாற்றிப் பேசி, தானே வீட்டில் இல்லை என்று சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. முப்பது நிமிஷத்தில் பாலினஸ்டாக் பதினோரு புள்ளி முன்னால் போயிற்று. டிம்ப்னா பந்தைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தாள். இடைவேளை ஊதல் ஊதும்போது ஒரு சின்ன நீலக் கார் பாய்ந்து வந்து வேலியில் மூக்கை முட்டி நின்றது. அதிலிருந்து பங்குத் தந்தை ஒபின்னா இறங்கினார். நைஜீரியாக்காரர், ஆறடி மூன்றங்குலம். ஞானஸ்நானம் கொடுத்த கையில் இன்னும் எண்ணெய் மினுங்கியது.

"உங்க செய்தியைப் பார்த்தேன். சட்டை எங்கம்மா?"

"ஃபாதர், முன்ன ஆடியிருக்கீங்களா?"

"கைப்பந்து. செமினரியில."

"இதுலயும் பாதி கையாலதான். போதும், ஓடுங்க."

பதினான்கு. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "இன்னும் மூணு நிமிஷம். தாள்ல இருபத்துநாலு பேர் போட்டிருக்கீங்க. மத்தவங்க எங்க?"

டிம்ப்னா மறுபடி சாலையைப் பார்த்தாள், பிறகு களத்தை. எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னாலிருந்து, சிவப்புச் சட்டைக்காரர்களின் நடுவிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் பளபளப்பான பூசைக் காலணியுமாக ஒருவன் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தான். மலக்கி. அறுபத்தொரு வயசு. இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட்.

வந்தவன் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இருபத்துநாலாம் நம்பரைக் குடு."

"உனக்கென்ன பைத்தியமா? வேணாம், மலக்கி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உன் பேரை நான் சும்மா போட்டு வெச்சது. திருட்டுத்தனம். நீ காலெடுத்து வெச்சா நாளைக்கே உங்கண்ணன் புகார் எழுதுவாரு. ஆட்டமும் போய், நானும் போய்..."

அதற்குள் ஃபெலிம் ஓடி வந்துவிட்டார். அந்த உடம்பு ஓடி இருபது வருஷமாவது இருக்கும்.

"நடுவரே! இவன் எங்க ஆளு! என் கூடப் பொறந்த தம்பி! பாலினஸ்டாக் ஆளு இவங்களுக்கு ஆட முடியாது. டேய் மலக்கி, கோட்டைப் போடுடா."

"நான் உங்க ஆளு இல்லண்ணா."

"என்னடா சொல்றே?"

"தொண்ணூத்திநாலு ஏப்ரல்லயே மாறிட்டேன்."

நடுவர் ஊதலை வாயிலிருந்து எடுத்தார். டிம்ப்னாவுக்குக் காதுக்குள் ஏதோ குளவி புகுந்ததுபோல இரைந்தது.

ஃபெலிம்தான் முதலில் சிரித்தார். "பொய். மாறுதல் தாளுக்கு எங்க மன்றச் செயலாளர் கையெழுத்து வேணும். அப்போ செயலாளர் யார் தெரியுமா? நம்ம அம்மா! அம்மாவா கையெழுத்துப் போட்டிருக்கும்?"

"அம்மாதான் போட்டுச்சு."

ஃபெலிம் சிரிப்பை நிறுத்தினார். அந்த அம்மா டிம்ப்னாவின் கல்யாணத்துக்குக் கறுப்பு உடையில் வந்தவள். சாகிறவரைக்கும் அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள். தன் மகனை, மாவட்டத்திலேயே சிறந்த முன்களக்காரனை, கொள்ளையடித்துக்கொண்டு போனவள் என்று மருமகளைப் பற்றிப் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவள்.

"கிரான்யா!" என்று கத்தினார் ஃபெலிம். அவருடைய மகள், பாலினஸ்டாக்கின் பதிவு வேலையெல்லாம் அவள் கையில். "உன் போன்ல பாரு. பழைய பதிவெல்லாம் ஏத்தி வெச்சிருக்கில்ல? பாத்து இவன் மூஞ்சியில காட்டு!"

அந்தப் பெண் தேடினாள். விரல் நின்றது. அப்பாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... இருக்கு. ஏப்ரல் பதினொண்ணு, தொண்ணூத்திநாலு. பாட்டி கையெழுத்து. குளூனகாரி பக்கம் அப்போ செயலாளரா இருந்த வாத்தியார் கையெழுத்து."

நடுவர் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். "பல் கவசம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சட்டம் சட்டம்தானே. எண்டா தன் பையில் கிடந்த பழையதை எடுத்து, டிம்ப்னாவின் பிளாஸ்கிலிருந்த சூடான டீயில் முக்கி நீட்டினான். மலக்கி அதை மாட்டிக்கொண்டான். பிறர் கரண்டியைக்கூடத் தொடாத மனுஷன்.

இருபத்துநாலாம் சட்டை பதினெட்டு வயசுப் பையனுக்குத் தைத்தது. எண்டாவும் பாதிரியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து அவனை அதற்குள் திணித்தார்கள். பூசைக் காலணியோடு போய் எதிரணிக் கோல் முன்னால் நின்றான். நடுவர் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். பதினைந்து. ஊதல் ஊதியது.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஏழாவது நிமிஷத்தில் ஒரு பந்து மேகத்திலிருந்து விழுவதுபோல வந்தது. மலக்கியை ஒட்டி நின்ற இருபது வயசுப் பையன் எம்பினான். மலக்கி எம்பவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தான், அவ்வளவுதான். பந்து பையனின் விரல்நுனியைத் தாண்டி வந்து அவன் நெஞ்சில் குழந்தைபோல் படுத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் கையால் தட்டிப் பாதிரியாரிடம் தள்ளினான். அவர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலாகப் போய், அடுத்த வயலில் புல் வெட்டிக்கொண்டிருந்த டிராக்டரின் முகப்பில் விழுந்ததாம். ஓட்டிக்கொண்டிருந்தவன் நம் ஓடிப்போன மூவரில் ஒருவன். வெட்கம் தாங்காமல் அவன் வண்டியை நிறுத்திவிட்டு வேலியேறிக் குதித்து வந்து, மலக்கிக்குப் பதிலாகக் களத்தில் இறங்கினான்.

குளூனகாரி பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் தோற்றதாகத்தான் எழுதப்பட்டது, விட்டுக்கொடுத்ததாக இல்லை. மன்றம் பிழைத்தது. டிம்ப்னா பெயர்த்தாளில் கையெழுத்துப் போடும்போது எழுத்து இரண்டு வரிக்கு ஓடியது. ஃபெலிம் காரில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு உடைமாற்றும் அறையில் சட்டைகளை எண்ணிப் பையில் போட்டாள் டிம்ப்னா. ஒன்று குறைந்தது. அது மலக்கியின் உடம்பில் இருந்தது. தோள் வரைக்கும் தூக்கிவிட்டிருந்தான், அதற்குமேல் வரவில்லை. இரண்டு கையும் சோளக்கொல்லைப் பொம்மைபோல மேலே நிற்க, தலை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் வந்து பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"உன்னை அசத்தணும்னுதான் மாறினேன்." துணிக்குள்ளிருந்து வந்தது குரல். "அம்மாகிட்ட தாளை நீட்டினேன். ஒரு மணி நேரம் பாத்திரம் தேச்சுச்சு. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டு, 'பொண்டாட்டி ஊருக்கு ஆடுறதுதான் மொறை, போ. ஆனா நான் போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே'ன்னுச்சு."

"அப்புறம் ஏன் ஆடல?"

"அந்த வருஷம் மொத ஆட்டமே எங்க ஊரோட. பூட்ஸை வண்டியில வெச்சுக்கிட்டு கேட் வரைக்கும் வந்தேன். அண்ணன் உள்ள நின்னு எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசிட்டிருந்தான். திரும்பிட்டேன். அடுத்த ஆட்டத்துக்குச் சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் ஒரு வருஷம் ஆச்சு, அப்புறம் பத்தாச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"முப்பது வருஷமா உன்னை நான் அசலூரான்னு..."

"அது பரவால்ல. நீ சொல்றப்ப உள்ளுக்குள்ள எனக்குச் சிரிப்பாத்தான் வரும்."

டிம்ப்னா பிடியை விட்டுவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். நீலமும் மஞ்சளுமாய்த் தலையில்லாமல் நின்ற அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இப்போதுதான் யாரோ கொண்டுவந்து நிறுத்தியதுபோல.

"டிம்ப்னா? இருக்கியா? எடுத்து விடேன், மூச்சு முட்டுது."

"இரு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் அப்படியே இரு."