காது மந்தமான மைக்

இன்று ஹட்டனில் மைக் வாங்கிவிட்டேன்! சொந்தப் பாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய அது ஒன்றுதான் குறையாக இருந்தது.

கடைக்கார அண்ணன் எடுத்த எடுப்பில் விலை கூடியதை நீட்டினார்.

"இதப் புடிங்க தம்பி. மூச்சு விடுற சத்தங்கூடத் துல்லியமா விழும்."

"அண்ணே, நான் இருக்கிறது தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீடு. நடுவுல ஒரு சுவரு, மேல ஒரே கூரை. இத வச்சா பக்கத்து வீட்டுல ரொட்டி தட்டுற சத்தமும் பாட்டுல விழுந்திரும். கொஞ்சம் காது மந்தமானதா குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே, திருவிழா மேடைகளில் வைக்கிற ரகத்தில் ஒன்றை எடுத்தார்.

"வாய்க்கிட்ட வச்சுப் பாடுங்க. தூரத்துல உள்ளது இதுக்குக் கேக்காது."

வீட்டுக்கு வந்ததும் சொருகி, ஒரே மூச்சில் பாடி முடித்தேன். ஹெட்போனில் போட்டால் என் குரல் மட்டும்! ரொட்டிச் சத்தம் துளியும் இல்லை. துள்ளிக் குதித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராணி அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, ரெண்டாவது அடியில தாளத்த விட்டுட்டியே. திருப்பிப் பாடு."

மறுபடி போட்டுக் கேட்டேன். விட்டுத்தான் இருக்கிறேன்.

அக்காவுக்குக் கேட்காமல் பாட எந்தக் கடையில் என்ன வாங்க வேண்டும்? லயத்தில் இருந்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.