அடியில் தங்கக் கூடாதது

மட்டாஞ்சேரிப் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண். தூங்காத கண்கள், மடியில் தெர்மோகோல் பெட்டி. அடிக்கடி அதிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் என் கணவருக்கு ஸ்கேன். அதற்காக ஏற்றும் மருந்தை அவருடைய பழுதான கிட்னி தாங்குமா என்று டாக்டரே தயங்கியிருந்தார்.

போனில் அவள் பேசிய பாலக்காட்டுத் தமிழ் தைரியம் தந்தது. "அதுல என்னதான் இருக்கு குழந்தே?"

"சிலிக்கான் பொடி, மாமி. கண்ணுக்கே தெரியாத அளவு. உடம்புக்குள்ளே போய், கட்டி இருக்கற இடத்துல மின்னிக் காட்டும். மருந்தையும் அங்கேயே கொண்டுபோய் விடும். அப்புறம் தானே கரைஞ்சுடும், கொழப்பமில்லை. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில தங்கித்துன்னா எல்லாம் போச்சு."

"எங்காத்து மாமாவுக்கு நாளைக்கு இதைப் போடலாமா?"

"இதுவரை எலிக்குத்தான் போட்டிருக்கோம், மாமி."

"மனுஷாளுக்கு எப்போ?"

அவள் மறுபடி குப்பியை எடுத்தாள். இந்தத் தடவை நானும் குனிந்து பார்த்தேன்.

நடுவில் ஒரு படகுத்துறையில் இறங்கினாள். "தங்கலையே?" என்று கத்தினேன். அவள் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் டாக்டரின் முகத்தைப் போலவே அந்த முகத்திலும் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.