அத்தை கேட்ட இரண்டாவது மாத்திரை

எங்கள் வீட்டில் வீசிங் என்ற சொல்லை வாசல் கதவு திறந்திருக்கும்போது யாரும் சொல்லக் கூடாது. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, அது இருந்தது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் போதாதா? மாத்திரையைக்கூட ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார் அம்மா. எண்பதுகளின் கடைசி, கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, எனக்கு ஒன்பது வயது. அத்தை தினமும் ரயிலேறி ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போவார். அந்த வேலையில் அவருக்கு அப்படியொரு பெருமை. திரும்பி வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் பிள்ளைகளின் நோட்டைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நிலபுலன் இருந்த குடும்பம், இப்போது சிமெண்ட் வியாபாரம். எல்லாம் பொருந்திற்று. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது. அப்பா அதை ஒரு நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அண்ணன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவருக்கு ஏது?

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும் மூச்சு இழுத்துவிடக் கூடாதே என்று அம்மா மூன்று மணிக்கே ஒரு மாத்திரை கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொண்ணு எடுத்துட்டு வா கண்ணு. அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். ரகசியம் என்றால் எனக்குக் கேட்க வேண்டுமா? ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

நாலரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். அத்தை காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது டம்ளர்கள் கடகடவென்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெட்கம் என்று முதலில் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு எதிரில் போனதும் தோள்வரைக்கும் உதறிற்று. காபியில் பாதி அவர் வேட்டியில், மீதி பஜ்ஜித் தட்டில். மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்து எழுந்தார்.

"ஐயையோ, இன்னாமா இது, இப்டி ஒதறுது! கையில இரும்பு குடுங்கம்மா!" என்று, தன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தையே உருவி அத்தையின் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு வந்தவர்களுக்குச் செய்வது அது. பாவம், நல்ல மனுஷிதான். சாவிக்கொத்தும் சேர்ந்து ஆடிற்றே தவிர நடுக்கம் நிற்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று அத்தை தெளிவாகத்தான் சொன்னார். யார் நம்புவார்கள்?

அவர்கள் போனதும் வீடு இழவு வீடாயிற்று. உடம்பு ஏன் நடுங்கியது என்று ஆளுக்கொரு காரணம். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார் அம்மா. பயம் என்றார் அப்பா. ரத்தம் பத்தாது என்றார் பெரியம்மா. வெள்ளிக்கிழமை சுடுகாட்டு வழியாக நடந்து வந்தாளே, காத்து கறுப்பு அடித்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எதற்கும் இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். அவர் தைராய்டா, சர்க்கரையா, நரம்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "என்னம்மா மாத்திரை சாப்பிட்ட?" என்றார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"ரெண்டு சார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அந்த மாத்திரை ஒன்று கூடினாலே கை உதறும், நெஞ்சு படபடக்கும், சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், இதைப் போய் வலிப்பு என்றார்களா என்றார்.

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. படி இறங்குவதற்குள் திரும்பவும் போயிற்று. வலிப்பு இல்லை என்று மாடம்பாக்கத்துக்குச் சொல்ல வேண்டுமானால் வீசிங் உண்டு என்று ஒப்புக்கொண்டாக வேண்டுமே! கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. வலிப்புக்காரி என்ற பேச்சு சேலையூர்வரை பரவிற்று. அத்தையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அத்தையோ வழக்கம்போல ரயிலேறி வேலைக்குப் போனார், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

அடுத்த வருஷம் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன். வலிப்புக்காரி என்ற பேச்சு அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. வேலை விஷயத்தில் அவர்களுக்கும் அதே நிபந்தனை. அம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். இந்தத் தடவை நான் விடுவேனா? டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன்.

அத்தை அலமாரியைக் குடைந்தார். துணியெல்லாம் கீழே விழுந்தது.

"மாத்திரை எங்கடி?"

"தெரியாது அத்தை."

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. குடுத்துடு."

முகம் வெளுத்திருந்தது. நான் கீழே விழுந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

அன்று தட்டு ஆடவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். சித்திரையில் அத்தை வேலையை விட்டார்.

ஆறு வருஷமாக அந்த மாத்திரையோடு வாழ்ந்தவருக்கு, இரண்டாவது என்ன செய்யும் என்று டாக்டரா சொல்ல வேண்டும்? இது எனக்கு உறைத்தபோது என்னையே பெண் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்கோ, வந்தவர்கள் போன பிறகு அத்தை சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுததைச் சந்தோஷம் என்றே நினைத்தேன். பக்கத்தில் போய், "பாத்தீங்களா அத்தை, நான் ஒளிச்சு வெச்சதாலதான்" என்றேன். அத்தை என் தலையைத் தடவிக் கொடுத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது என்னால்தான் என்று.