பெண்களுக்கு வராத வியாதியாம்!

சவாயித் தீவில், பன் சுட்டு விற்கும் லோசாவின் உடம்பு லேசாக எங்கே இடித்துக்கொண்டாலும் நீலம் பாரித்துவிடும். மகளைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிது. அவள் அண்ணன் லேமோவுக்கும் ரத்தம் உறையாத வியாதி.

கணவன் மலாகியோடு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன அன்று இதையெல்லாம் பல் டாக்டரிடம் சொல்லத்தான் செய்தாள்.

"அது ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதிம்மா. உனக்கெதுக்கு அந்தக் கவலை? வாயத் தொற."

படித்த மனுஷர் பேசுகிற பேச்சா இது! பெண்ணின் உடம்பில் ஓடுவது ரத்தமில்லாமல் வேறென்னவாம்? மரத்துப்போவதற்கான ஊசியைத் தாடையின் கோடியில் ஆழமாக இறக்கினார். பல் வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு லோசா வீடு திரும்பினாள்.

சாயங்காலத்துக்குள் கன்னம் பன் மாதிரி உப்பி, கழுத்து வரை கருநீலம் இறங்கியது. மலாகியின் அத்தை லாங்கி தேங்காயெண்ணெயோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் எந்த வீக்கத்துக்கும் முதல் வைத்தியம் நீவிவிடுவதுதான். பெரியவர்கள் கை வைத்தால் யாரும் தட்டிவிடுவதில்லை.

"வேணாம் அத்தை, வலிக்குது."

"வலிக்கத்தான்டி செய்யும். கட்டுன ரத்தம் கலைய வேணாமா?"

பாவம், அத்தைக்கு என்ன தெரியும்? அமுக்க அமுக்க, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. லோசா அத்தையின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மலாகி... வண்டிய எடு!"

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். அண்ணனுக்கென்று வைத்திருந்த, ரத்தம் உறைய வைக்கும் மருந்தையே அவளுக்கும் ஏற்றினார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அண்ணனின் குறை தங்கைக்கும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார்கள்.

மறுநாள் பல் டாக்டர் பார்க்க வந்தார். குழாயோடு படுத்திருந்தவளை விட்டுவிட்டு மலாகியைப் பார்த்துக் கேட்டார்:

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"அவதான் சொன்னாளே டாக்டர். நான் பக்கத்துலதானே நின்னேன்."

"அவ சொன்னா, சரி. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே!"

லோசா படுத்தபடியே டாக்டரைப் பார்த்துக் கையை ஓங்கினாள். மலாகி தடுக்கவில்லை.