பாலுக்கு வாங்கிய சுறா, மரத்திலிருந்து விழுந்த வௌவால்

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்ததும், பால் ஊறச் சுறாப்புட்டு செய்யலாமென்று பொன்னேரி சந்தையில் ஒரு சுறா வாங்கினேன். ஆழ்கடல் சுறாவாம், இருட்டுக்குப் பழகிய பெரிய கண்கள். வீட்டின் பின்புறம் மனைவி அதை அறுத்தபோது வயிற்றிலிருந்து இரண்டு குட்டிகள் சரிந்தன.

"மீனுக்கு சிசேரியன் பண்ண மொத டாக்டரு நீதான்" என்றேன்.

"வாய மூடு" என்றாள். குரல் சரியில்லை.

அப்போது கொய்யா மரத்திலிருந்து ஒரு பழந்தின்னி வௌவால் பொத்தென்று விழுந்தது. பேரனுக்கு நோய் ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் ஒட்டடைக் குச்சியை ஓங்கினேன். ஓங்கிய வேகத்தில் துவைக்கிற கல்மேல் ஏறியும் நின்றுவிட்டேன், வீரன்.

"அடிச்சிடாத நைனா! மாருல குட்டி தொங்கிக்கினுக்குது பாரு!" ஜன்னலிலிருந்து மகள் கத்தினாள்.

கல்மேல் நின்றபடியே குச்சியை நீட்டினேன். வௌவால் அதைப் பற்றிக்கொண்டு என்னை நோக்கியே ஏறியது. "ஏம்மா, மரம் அந்தாண்டக்கீது!" என்று அலறினேன். ஒருவழியாகக் கிளையில் சேர்த்தேன். குட்டியைச் சிறகால் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தது. சுறாவுக்கு இருந்த அதே பெரிய கண்கள்.

மகள் புட்டை ருசித்துச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

வௌவாலுக்குப் பால் உண்டு, சுறாவுக்குக் கிடையாது. ஆனாலும் என் பேரனின் பாலுக்காகச் செத்தது சுறாதான். இதை வைத்து ஒரு ஜோக் சொல்லிவிடலாமென்று பார்க்கிறேன், இன்னும் வரவில்லை.